கீழே நடந்த கூட்டம்

படிக்கட்டில் என்னைத் தூக்கிக்கொண்டு போனபோது நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. மூடினால் பயம் கூடும் என்பது சின்ன வயதிலேயே தெரிந்துவிட்டது. இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களும் சூம்பிப்போனவள் நான். பள்ளிக்கூடத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, கோயிலுக்கு என்று எத்தனையோ பேர் என்னைத் தூக்கியிருக்கிறார்கள். தூக்குகிறவர்களின் கை எப்போது தளரும் என்பதை அவர்கள் மூச்சை வைத்தே சொல்லிவிடுவேன். சக்கர நாற்காலியும், அரசாங்கம் கொடுத்த மூன்று சக்கர ஸ்கூட்டரும் வந்த பிறகு, இனி யார் கையிலும் ஏற வேண்டாம் என்று நிம்மதியாக இருந்தேன். நாற்பது வயதுக்கு மேல், ஒரு பதவி வந்து அந்த நிம்மதியைக் கெடுத்தது.

எங்கள் ஊர் சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பேரூராட்சி. நான் தினமும் ஸ்கூட்டரில் சங்கரன்கோவிலுக்குப் போய், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை நடத்துகிறேன். ஜெராக்ஸ் எடுப்பது, ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது, இதுதான் தொழில். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளி ஒருவரை உறுப்பினராக நியமிக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, பலருக்கு நான்தான் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தேன். அப்படியே எனக்கும் ஒன்று போட்டேன். கிடைக்கும் என்று நினைக்கவில்லை. கிடைத்தது. அம்மா தெருவில் வீடு வீடாகப் போய் லட்டு கொடுத்துவிட்டு வந்தாள்.

பேரூராட்சி அலுவலகத்தில் வரி கட்டும் இடம் கீழே. மன்றக் கூட்டம் நடக்கும் கூடம் மாடியில். படிக்கட்டு குறுகலானது. பாதியில் திரும்பும். ஒரு பக்கம்தான் கைப்பிடி. முதல் கூட்டத்துக்குப் போனபோது செயல் அலுவலர் வாசலுக்கே வந்து கும்பிட்டார். பிறகு உள்ளே பார்த்து, "ஏலே, அம்மாவ மேல கொண்டுபோங்க" என்று குரல் கொடுத்தார். தூய்மைப் பணியாளர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் இளைஞர். மற்றவருக்கு என் அப்பா இருந்திருந்தால் ஆகியிருக்கும் வயது. என்னைச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் மாற்றி உட்காரவைத்து, இளைஞர் மேலேயும் பெரியவர் கீழேயுமாகப் பிடித்துத் தூக்கினார்கள். படிக்கட்டு திரும்பும் இடத்தில் நாற்காலி சாய்ந்தது. என் முதுகுக்குக் கீழே வெறும் காற்றுதான் இருந்தது. பெரியவரின் மூச்சு இரைத்தது. மேலே போய்ச் சேர்ந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். நான் சிரித்தேன். புடவைக்குள் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது.

தலைவர் ஒரு பெண். பெண்களுக்கு ஒதுக்கிய இடம். பனவடலிசத்திரம் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கூட்டத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவருடைய கணவர், ஊரெல்லாம் அண்ணாச்சி என்று கூப்பிடும் மனிதர், பக்கத்து அறையில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஏதாவது கேள்வி வந்தால் தலைவர் அந்தக் கதவுப் பக்கம் பார்ப்பார். உள்ளேயிருந்து பதில் வரும். யாருக்கும் இது வினோதமாகத் தெரியவில்லை. எனக்குக் கூட்டம் முழுவதும் ஒரே யோசனைதான்: எப்படி இறங்குவது.

மூன்றாவது கூட்டம் முடிந்து இறங்கும்போது அது நடந்தது. நாற்காலியின் பின்கால் ஒன்று படியின் ஓரத்தில் இடித்து, படக்கென்று ஒடிந்தது. நான் முன்னால் சரிந்தேன். கீழே இருந்த பெரியவர் என்னை விடவில்லை. தன் உடம்பையே அண்டைகொடுத்துத் தாங்கினார். எனக்கு முழங்கை சிராய்த்ததோடு போயிற்று. அவருடைய மணிக்கட்டு சுவருக்கும் நாற்காலிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

சங்கரன்கோவில் அரசு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுவிட்டார்கள். அடுத்த நாள் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் வண்டியிலிருந்து இறங்கவில்லை. அப்படியே பேசினோம்.

"எதுக்கு ஐயா அப்படித் தாங்கினிய? விட்டிருக்கலாம்லா."

"ஒங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா எம் வேல போயிருக்கும்மா" என்றார். "காண்டிராக்ட்காரன் நாளைக்கே வேற ஆளப் போட்டிருவான். இப்பவும் போட்டுட்டானாம்."

வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நான் விழுந்து சாகலாம் என்ற பயம் ஏற்கெனவே இருந்தது. என்னால் இன்னொருவர் சாகலாம் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

செயல் அலுவலரிடம் போய்ச் சொன்னேன். "சார், இனிமே என்னத் தூக்க வேண்டாம். கூட்டத்தக் கீழ வையுங்க. வரி கட்டுத எடத்துல வச்சாப் போதும்."

"எம்மா, புதுக் கட்டடத்துக்கு எஸ்டிமேட் போட்டாச்சு. அதுல சாய்வுதளம், லிப்ட் எல்லாம் இருக்கு. கொஞ்ச நாள் பொறுங்க."

"அதுவரைக்கும்?"

"நல்ல இரும்பு நாற்காலி வாங்கிருவோம்."

பொதுக் கட்டடங்கள் மாற்றுத்திறனாளிகள் வந்துபோக ஏற்றதாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதைப் பற்றி எத்தனையோ பேருக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அவர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது அந்த வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். கடைக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்த பிறகுதான் எழுத முடிந்தது. அடுத்த திங்கட்கிழமை மனுநாளில் தென்காசி கலெக்டர் ஆபீசில் கொடுத்தேன். வாங்கிய அதிகாரி படித்துப் பார்த்துவிட்டு, "சட்டத்துல தெளிவா இருக்கும்மா, நாங்க எழுதி அனுப்புதோம்" என்றார்.

அந்த வாரமே அண்ணாச்சி கடைக்கு வந்தார். மத்தியானம், ஆள் இல்லாத நேரம். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு செல்போன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி, ஆதார் கார்டு ஒரு ஜெராக்ஸ் எடுத்துத் தாங்க."

கார்டை வாங்கி மெஷினில் வைத்தேன்.

"கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வந்தியளாம்லா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா நல்ல ஆளா நாலு பேர வச்சுத் தூக்கச் சொல்லிருப்பேன்."

"தூக்க வேண்டாம்னுதான் மனு குடுத்தேன், அண்ணாச்சி."

அவர் சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு. "தெனமும் இங்கன வந்துட்டுப் போறிய. நம்ம ரோடு மோசம். லாரிக்காரன், டிராக்டர்காரன் எல்லாம் கண்ணுமண்ணு தெரியாம வருதானுவ. ஒங்க வண்டியோ சின்ன வண்டி. பாத்து வாங்க." ஸ்டூலை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஒங்க வீட்டு முன்னால சரிவு கட்டியிருக்கியள்லா, அது வாறுகால் மேலல்லா கெடக்கு. சாக்கடத் தண்ணி போற எடம். வாறுகால் வேல வரப்போவுது, பாத்துக்கிடுங்க."

நான் எடுத்த நகல் கோணலாக விழுந்திருந்தது. இன்னொன்று எடுத்தேன். அதுவும் கோணல்தான். அவர் அதையே வாங்கிக்கொண்டு, காசை மேசையில் வைத்துவிட்டு, "வாரேன் தங்கச்சி" என்று போனார். அவர் ஒரு மிரட்டலும் சொல்லவில்லை. போலீசில் போய்ச் சொல்வதற்கு ஒரு வரிகூட இல்லை. சாயங்காலம் ஊருக்குத் திரும்பும்போது, பின்னால் ஹாரன் கேட்ட ஒவ்வொரு தடவையும் வண்டியை மண்ணில் இறக்கி நிறுத்தினேன்.

பத்துப் பதினைந்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. பயம் கொஞ்சம் அடங்கியபோது, ஒரு நாள் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், வீட்டுக்கு முன்னால் பள்ளம். ஜேசிபி வந்துவிட்டுப் போயிருந்தது. ரோட்டிலிருந்து ஸ்கூட்டரோடு முன்னறைக்குள் ஏறிப் போவதற்காக, நான் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில் கட்டிய சரிவு. அது துண்டு துண்டாக உடைந்து பள்ளத்தின் ஓரத்தில் கிடந்தது. பள்ளத்துக்குள் கறுப்புத் தண்ணீர். பக்கத்து வீட்டுப் படி அப்படியே இருந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் வாறுகால் மேல் கட்டியிருந்த குளியலறையும் அப்படியே இருந்தது. எங்கள் வீட்டு அகலத்துக்கு மட்டும் தோண்டியிருந்தார்கள்.

அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் நின்றாள். அழுது முடித்திருந்தாள். "நான் கெஞ்சிப் பாத்தேன் மக்கா. இன்னைக்கு இம்புட்டுதான் அளவு, மீதிய அப்புறம் பாப்போம்னுட்டுப் போயிட்டான்."

நான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். என் வீடு எனக்கு முன்னால் இருந்தது. போக வழி இல்லை. தெருவில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என்ன நடந்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனாலேயே யாரும் பக்கத்தில் வரத் தயங்கினார்கள். கடைசியில் இரண்டு பெண்கள் வந்து, என்னைக் கைத்தாங்கலாகத் தூக்கிப் பள்ளத்தைத் தாண்டி அம்மாவிடம் கொடுத்தார்கள். ஸ்கூட்டர் தெருவிலேயே நின்றது.

அதற்குப் பிறகு நான் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். கடை பூட்டிக் கிடந்தது. செயல் அலுவலருக்குப் போன் செய்தால், "காண்டிராக்டர்கிட்ட சொல்லிருக்கேம்மா" என்பார். அடுப்படியில் கேஸ் வாடை வந்தால்கூட வாசல் பக்கம் பார்ப்பேன். தீப்பிடித்தால் அம்மா ஓடிவிடுவாள், நான்? அம்மா ஓட மாட்டாள் என்பது தெரியும். அது இன்னும் மோசம். பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என அம்மாவிடம் சொன்னேன். செல்போனில் அதை அடித்தும் வைத்திருந்தேன்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "எழுதிக் குடுத்தா குழிய மூடிருவாங்களா?" என்று கேட்டாள்.

நான் செல்போனை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

"ஏட்டி, இப்ப அவங்க பேரூராட்சியில நீயும் ஒரு ஆளு. அப்பவே குழி தோண்டுதாங்க. நாளைக்கு நீ ஒண்ணுமில்லாதவன்னா என்ன செய்வாங்கன்னு யோசிச்சுப் பாரு."

அதை ஆறுதலாக அவள் சொல்லவில்லை. அவளும் பயந்துபோய்த்தான் சொன்னாள். நான் அடித்துவைத்ததை அனுப்பவும் இல்லை, அழிக்கவும் இல்லை.

கூட்ட நாள் வந்தது. காலையில் அம்மா தெருக்கோடியில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் போய்ச் சென்ட்ரிங் பலகை கேட்டாள். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "எடுத்துட்டுப் போங்கம்மா. யாரும் கேட்டா நான் குடுக்கலன்னு சொல்லிருங்க" என்றாராம். அம்மாவும் அந்த இரண்டு பெண்களுமாகப் பலகைகளைப் பள்ளத்தின் மேல் போட்டார்கள். சக்கர நாற்காலியில் நான் உட்கார, அம்மா பின்னாலிருந்து பிடித்து மெல்ல இறக்கினாள். நடுவில் வந்ததும் பலகை வளைந்தது. கீழே தண்ணீரில் என் முகம் தெரிந்தது. ஒரு சக்கரம் ஓரத்துக்குப் போனது. "அம்மா, நிறுத்து" என்றேன். "நிறுத்துனா ரெண்டு பேரும் உள்ளதான்" என்று தள்ளினாள். ரோட்டுக்கு வந்து சேர்ந்தோம். அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

அலுவலக வாசலில் இருந்த இரண்டு படிகளில் அம்மா நாற்காலியைப் பின்பக்கமாக இழுத்து ஏற்றினாள். உள்ளே மாடிப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் போய் நிறுத்திக்கொண்டேன். வரி கட்ட வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்து, என்னைப் பார்த்தும் பார்க்காமலும் மேலே ஏறினார்கள். செயல் அலுவலர் வேகமாக வந்தார். இரும்பு நாற்காலி ஒன்றும், முன்பு பார்த்திராத இரண்டு பேரும் தயாராக இருந்தார்கள்.

"ஏறிக்கோங்கம்மா, நேரமாவுது."

"நான் கூட்டத்துக்கு வந்திருக்கேன் சார். ஆனா மேல வர மாட்டேன்." என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். இந்தத் தடவை வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "என்னத் தூக்கிட்டுப் போறதுக்குச் சட்டம் வரல. நான் வந்து உக்காருததுக்குத்தான் வந்திருக்கு. நான் வந்தத எழுதிக்கோங்க. எங்க உக்காரணும்னு நீங்க சொல்லுங்க."

படிக்கட்டு திரும்பும் இடத்தில் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். மேலேயிருந்து என்னைப் பார்த்தார். "எம்மா, சின்னப் பிள்ள மாதிரி அடம் பிடிக்காதிய" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் இரண்டு படி இறங்கியபோது, நாற்காலியின் பிரேக்கைப் போட்டிருக்கிறேனா என்று தொட்டுப் பார்த்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. அவர் என்னைத் தள்ளிவிடுவார் என்றா? நூறு பேர் வந்துபோகும் இடத்தில்? ஆனால் என் விரல்கள் அதைத்தான் தேடின.

அப்போது தலைவர் உள்ளே வந்தார். வெளியே வண்டியிலிருந்து இறங்கி வந்தவர், முதலில் என்னைப் பார்த்தார், பிறகு படிக்கட்டைப் பார்த்தார். கணவரைப் பார்த்தாரா என்பது எனக்குத் தெரியவில்லை. ஏறப் போகிறவர் மாதிரி கைப்பிடியில் கை வைத்தார். அப்படியே நின்றார். பிறகு கையை எடுத்துவிட்டு, வரி வாங்கும் மேசைக்குப் பின்னால் காலியாக இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"மேல இருக்கவங்களக் கீழ வரச் சொல்லுங்க சார்" என்றார். "கூட்டம் இங்கன நடக்கட்டும்."

கூட்டத்தில் அவர் கதவைப் பார்க்காமல் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"என்ன இது?" என்றார் அண்ணாச்சி.

தலைவர் அவரைப் பார்க்கவில்லை. "மேல போறதுக்கு அவங்களால முடியல. நமக்குக் கீழ வர முடியும்லா" என்று செயல் அலுவலரிடமே சொன்னார்.

உறுப்பினர்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வந்தார்கள். நாற்காலிகளை அங்கேயும் இங்கேயுமாகப் போட்டு உட்கார்ந்தார்கள். கீழே பக்கத்து அறை என்று ஒன்று கிடையாது. வரி கட்ட வந்த சனம் சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்தது. அண்ணாச்சி அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து மேசைக்கு அடியில் தலைவரின் பாதங்கள் தெரிந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலின் விரல்களை இன்னொரு காலால் அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தார்.

நான் பள்ளத்தைப் பற்றிச் சொன்னேன். மணிக்கட்டு உடைந்து வேலையில்லாமல் இருக்கும் பெரியவரைப் பற்றிச் சொன்னேன். அழகாகப் பேசவில்லை. முன்னுக்குப் பின் மாறிப் போனது. நடுவில் ஒரு இடத்தில் மூச்சு வாங்கி நிறுத்தியபோது, சுவரோரம் நின்ற ஒரு பெண், "சொல்லும்மா" என்றாள். அவள் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு காரியங்கள் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தன. தென்காசியிலிருந்து ஓர் அதிகாரி வந்து படிக்கட்டைப் பார்த்தார், என் வீட்டு வாசலையும் பார்த்தார். பள்ளத்தை மூடிக் கான்கிரீட் பலகை போட்டார்கள். சரிவை மறுபடியும் நானேதான் கட்டினேன். அலுவலக வாசலில் கட்டிக்கொடுத்த சாய்வுதளம் முதலில் மலை மாதிரி இருந்தது. ஏறினால் நாற்காலியின் முன்சக்கரம் தூக்கிக்கொண்டது. சொல்லிச் சொல்லி இடித்துக் கட்டினார்கள். கூட்டம் கீழேயே நடக்க வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு வந்தது. பெரியவருக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் நிரந்தரப் பணியாளர் இல்லை, அதனால் பேரூராட்சி பொறுப்பில்லை என்கிறார்கள். கை சரியாகக் கூடவில்லை. இப்போது புளியங்குடி எலுமிச்சைச் சந்தையில் ஒற்றைக் கையால் பழம் பொறுக்குகிறார்.

கீழே நடந்த அந்த முதல் கூட்டத்துக்கு அடுத்த கூட்டத்துக்குத் தலைவர் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். துணைத்தலைவர் நடத்தினார். எனக்கு ஒன்றும் மனதில் ஏறவில்லை. சாயங்காலம் தலைவருடைய நம்பருக்குப் போன் செய்தேன். அண்ணாச்சி எடுத்தார்.

"அவ ஒறங்குதா தங்கச்சி. என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி, சும்மாதான்" என்று வைத்துவிட்டேன். அந்த மாதம் முழுவதும் தலைவர் வீட்டுத் தெருவழியாகப் போகும்போது வண்டியை மெதுவாக ஓட்டினேன். வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. இறங்கித் தட்டிப் பார்க்கிற தைரியம் எனக்கு வரவில்லை. அம்மாவை அனுப்பவும் மனம் வரவில்லை.

அதற்கடுத்த கூட்டத்துக்குத் தலைவர் வந்தார். மெலிந்திருந்தார். சாய்வுதளத்தில் நான் ஏறும்போது பின்னாலிருந்து வந்து நாற்காலியின் பிடியில் கை வைத்தார். தள்ளவில்லை, சும்மா கை வைத்துக்கொண்டு கூடவே நடந்தார்.

"ஒடம்புக்கு என்னக்கா?" என்று கேட்டேன்.

"காய்ச்சல்தான்."

நான் நம்பவில்லை. மறுபடி கேட்கவும் இல்லை. அண்ணாச்சியின் வண்டி வாசலில் நின்றது. அவர் அதிலேயே உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒனக்குப் பயமா இல்லயாட்டி?" என்று கேட்டார் தலைவர், முன்னால் பார்த்தபடியே.

"ராத்திரி ஒறக்கமே இல்ல" என்றேன்.

"எனக்கும்தான்." அவ்வளவுதான் சொன்னார்.

உள்ளே எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்குப் பேசவேண்டியவற்றில் கடைசியாக இருந்தது நான் கொடுத்த தீர்மானம்: பெரியவரின் மருத்துவச் செலவைப் பேரூராட்சி ஏற்க வேண்டும் என்பது. கடைசியில் இருப்பதெல்லாம் நேரமில்லை என்று தள்ளிப்போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார், செயல் அலுவலரைப் பார்த்து, "மொதல்ல அதப் பேசுவோம் சார்" என்றார்.